கயிறு அவிழ்ந்த கண்காட்சி

தாமே செய்த நாற்காலியில் தாமே அமர்ந்து, தம் சரக்கின் மேல் தமக்கு நம்பிக்கை உண்டு என்பதைத் தம் முழு எடையோடும் காட்டிக்கொண்டிருக்கும் நாற்காலித் தயாரிப்பாளர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே. தலைவர் தலையசைத்தால் தாமும் தலையசைத்து, தலைவர் இருமினால் தண்ணீர் எடுத்து நீட்டும் தகைசால் செயலாளர் அவர்களே. சங்கத்தின் சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கே நடந்தாலும் தம் வரவைத் தாமே அறிவித்துவிடும் பொருளாளர் அவர்களே. யாரும் கேட்காத நாளிலும் ஆலோசனை வழங்கத் தவறாத ஆலோசகர் அவர்களே. முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே. பட்டறையையும் வீட்டையும் ஒரே கையால் பார்த்துக்கொண்டு, மறு கையால் எங்களையும் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களே. சீக்கிரம் நழுவிவிட வசதியாகக் கதவோரம் இடம் பிடித்திருக்கும் தோழர்களே. மூன்றாம் வரிசையில் அமர்ந்து "என்னத்தச் சொல்லித் தொலைக்கப்போறானோ" என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் அண்ணி அவர்களே. உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

நான் நாற்காலி செய்பவன் அல்லன். நாற்காலிக்கு மெத்தை தைப்பவன். நீங்கள் செய்ததன் மேல் நான் தைத்ததை வைக்கிறேன். நான் தைத்ததன் மேல் ஊர் உட்காருகிறது. ஆகவே உங்கள் அருமையும் எனக்குத் தெரியும், ஊரின் கனமும் எனக்குத் தெரியும். இன்று எனக்கு இட்டிருக்கும் பணி இரண்டு. பெருநகர வணிகக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பி இதோ மேடையில் அமர்ந்திருக்கும் நம் நால்வர் குழுவைப் பாராட்டுவது ஒன்று. அதே நால்வர் அதே நகரத்துக்கு இன்னொரு முறை போக வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிவது மற்றொன்று. "ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்கண்ணே, போதும். மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்று செயலாளர் என் காதோடு சொன்னார். சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதில் நல்ல வார்த்தை எது என்று நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

ஐயன்மீர், கண்காட்சி என்றால் என்ன? நம் கைத்திறனைக் கடல்போன்ற கூட்டத்தின் கண்முன் கொண்டுபோய் வைப்பது. நம்மைத் தெரியாதவருக்கு நம்மைத் தெரியவைப்பது. அதற்காகத்தானே அரங்கு எடுத்தோம்? அதற்காகத்தானே அட்டை அச்சடித்தோம்? அதற்காகத்தானே ஆளுக்கொரு நீலக் கோட்டும் தைத்துக் கொடுத்தோம்? கோட்டு நன்றாக இருந்தது. கோட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கோட்டோடு கோபுரத்தின் உச்சியில் நால்வரும் எடுத்துக்கொண்ட படத்தை நீங்கள் எல்லோரும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள்.

நம் சங்கம் அனுப்பிய நாற்காலிகளில் தலைவர் செய்த சிங்கமுக நாற்காலி ஒன்று. செயலாளரின் சுழல் நாற்காலி ஒன்று. இன்னும் சிலருடையவை சில. கடைசியில், "இதையும் ஒரு ஓரத்துல போடுங்க" என்று கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிவிட்டது என் அண்ணியின் நாற்காலி. அலங்காரம் கிடையாது, சிங்கம் கிடையாது, சுழலவும் சுழலாது. அதைப் பார்த்து ஆலோசகர், "என்னம்மா இது, பள்ளிக்கூட பெஞ்சை வெட்டிக் கொண்டாந்த மாதிரி இருக்கு" என்றார். அண்ணி, "உங்களுக்கு முட்டி வலி வரட்டும் சார், அப்ப பேசிக்கலாம்" என்றார். அது சாபம் அல்ல, விளக்கம்.

என் அண்ணன் முழங்கால் தேய்ந்து பட்டறையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, பட்டறையை நடத்துவது அண்ணிதான். உட்கார்ந்த அண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்து தூக்கிவிட வேண்டும். கல்லுக்குண்டு மாதிரி இருந்த மனிதர், தண்ணீர் குடிக்கவும் கூச்சப்பட ஆரம்பித்தார். குடித்தால் எழுந்து போக வேண்டுமே. அதைப் பார்த்துப் பார்த்து அண்ணி செய்த நாற்காலி அது. இருக்கையைச் சற்றே உயர்த்தி, கைப்பிடியை முன்னுக்கு நீட்டி, நுனியை உள்ளங்கை பிடிக்கிற அளவுக்கு உருட்டிவிட்டிருந்தார். கையை ஊன்றினால் உடம்பு தானாக எழும்பும். இதெல்லாம் பார்த்தால் தெரியாது. உட்கார்ந்து எழுந்தால்தான் தெரியும்.

இந்த நாற்காலிக்கு வெளியூரில் ஒரு வழி பிறக்காவிட்டால் பட்டறையை மூடிவிடுவது என்று அண்ணி முடிவு செய்திருந்தார். அங்கே வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிவிட்டார். குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். "நிர்வாகிங்க மட்டுந்தாம்மா போக முடியும், விதி அப்படி" என்றார்கள். சரி என்று நாற்காலியை மட்டும் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழி அனுப்பப் போன இடத்தில் என்னிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: "யாராவது ஒருத்தரையாவது உட்கார வெச்சுக் காட்டச் சொல்லு தம்பி."

உட்கார வைப்பதா? நம் சங்கத்திலா? (சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள், நீங்கள் சிரித்தால் தலைவர் என்னைப் பார்க்கிறார்.) நம் சங்கம் தோன்றிய நாள் தொட்டு நமக்கு ஒரு மரபு உண்டல்லவா? கண்காட்சியில் நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி, பிளாஸ்டிக் உறை போட்டு, குறுக்கே தடித்த சிவப்புக் கயிறு கட்டி, நடுவில் "தயவுசெய்து உட்காராதீர்கள்" என்று அட்டை தொங்கவிடுவது. மிட்டாய் விற்பவன் துண்டு கொடுத்துத் தின்னச் சொல்கிறான். துணி விற்பவன் தொட்டுப் பார்க்கச் சொல்கிறான். செருப்பு விற்பவன் காலைப் பிடித்து மாட்டியே விடுகிறான். உலகத்திலேயே உட்காரச் செய்த பொருளை உட்காராமல் வாங்கச் சொல்லும் உத்தமர்கள் நாம் மட்டும்தான்.

அந்த மரபுப்படியே முதல் நாளுக்கு முந்தைய மாலை நால்வரும் அரங்கில் கயிறு கட்டினார்கள். கட்டி முடித்த கையோடு கடைவீதிக்குப் போனார்கள். போகலாம். தப்பில்லை. ஊரென்றால் கடைவீதி, கடைவீதியென்றால் கம்பளி. தலைவர் கம்பளி வாங்கினார். மகளுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, இரண்டும் வேறு வேறு நிறமாக இருந்தால் சண்டை வரும் என்று நிறத்துக்கு இரண்டு. அப்புறம் சுவர்க் கடிகாரம். அப்புறம் நடக்கும், நின்று வாலாட்டும் பொம்மை நாய். விடுதிக்கு வந்து பெட்டிக்குள் திணித்தார். பெட்டி ஜிப் பிய்த்துக்கொண்டு வாயைப் பிளந்தது.

காலையில் தலைவர் பார்த்தார். பிளந்த பெட்டியைக் கட்ட ஒரு கயிறு வேண்டும். அந்நிய நகரத்தில் அதிகாலையில் கயிற்றுக்கு எங்கே போவது? நம் அரங்கில்தான் நல்ல கயிறு இருக்கிறதே. செயலாளர் போய் அவிழ்த்து வந்தார். (இல்லை ஐயா, நான் கதை கட்டவில்லை. மெத்தைத் துணி வாங்கக் கடைசி நாள் நானும் அந்த நகரத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது ரயில் நிலையத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. "தயவுசெய்து உட்காராதீர்கள்" அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் யாரும் உட்காரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அடுத்தது, அரங்கில் யார் இருப்பது? இது பெரிய கேள்வி. இதற்கு நம் குழு கண்டுபிடித்த பதிலை நீங்கள் கேட்க வேண்டும். தலைவர் செயலாளரிடம் சொன்னார்: "நான் படகுத்துறை வரைக்கும் போயிட்டு வந்துடுறேன், நீ பாத்துக்க." செயலாளர் பொருளாளரிடம் சொன்னார்: "தலைவர் தனியாப் போறாரு, கூட ஒரு ஆள் வேண்டாமா? நீங்க இருங்க." பொருளாளர் ஆலோசகரிடம் சொன்னார்: "அவங்க ரெண்டு பேரும் கைச்செலவுக்கு என்ன பண்ணுவாங்க? நான் போனாத்தான் ஆகும். நீங்கதான் அனுபவசாலி, உக்காந்து பாத்துக்குங்க." ஆலோசகர் சுற்றுமுற்றும் பார்த்தார். சொல்வதற்கு ஆள் இல்லை. சொல்வதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஆலோசகருக்கு என்ன வேலை? அவரும் கிளம்பிவிட்டார்.

நால்வரும் படகில் சந்தித்தார்கள். சந்தித்தபோது என்ன கேட்டிருக்க வேண்டும்? "அங்கே யாரய்யா இருக்கிறது" என்றல்லவா? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அன்று மட்டுமா? மறுநாள் கோபுரம். அதற்கும் மறுநாள் மிருகக்காட்சிச் சாலையும் அருங்காட்சியகமும். அருங்காட்சியகத்தில் பழைய அரசர் ஒருவருடைய ஆசனம் இருந்ததாம். குறுக்கே கயிறு. "பாத்தீங்களா, நம்ம முறையைத்தான் இவங்களும் கடைப்பிடிக்கிறாங்க" என்று ஆலோசகர் பூரித்துப் போனாராம். அந்த ஆசனத்தில் உட்கார வேண்டியவர் செத்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இனி அரங்கின் கதைக்கு வருவோம். ஆளில்லை, கயிறில்லை, அட்டையில்லை. கண்காட்சிக்கு வருகிறவன் நிலை என்ன? காலையிலிருந்து நடக்கிறான். கையில் பை, பைக்குள் காகிதம், காலில் கொப்புளம். எங்கே பார்த்தாலும் பொருள், உட்கார ஓர் இடமில்லை. அப்படிப்பட்டவன் கண்முன் வரிசையாக நாற்காலிகள். கேட்பார் இல்லை, தடுப்பார் இல்லை. வந்தான், உறையைக் கிழித்தான், உட்கார்ந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். அவனைப் பார்த்து ஒரு குடும்பம். நண்பகலுக்குள் அந்த மண்டபத்திலேயே கூட்டம் அலைமோதிய அரங்கு எது? நம் அரங்கு. சோறு உண்டவர்கள் நம் அரங்கில். குழந்தைக்குப் பால் புகட்டியவர்கள் நம் அரங்கில். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குறட்டை விட்டவர்கள் நம் அரங்கில். பல ஆண்டு காலம் சங்கத்தால் செய்ய முடியாத சாதனையைத் தலைவரின் கம்பளி செய்து முடித்தது.

பக்கத்து அரங்கில் விளக்கு விற்கும் ஓர் அம்மாள். கெட்டிக்காரி. நம் கூட்டத்தைப் பார்த்தார், நம் ஆளில்லாததையும் பார்த்தார். தம்முடைய தொங்குவிளக்குகளை நகர்த்தி நம் நாற்காலிகளுக்கு நேர் மேலே மாட்டினார். சாய்ந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வேறு வழியில்லாமல் விளக்கைப் பார்த்தார்கள். நம் நாற்காலியில் அமர்ந்து அவர் விளக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசி நாள் மாலை நான் துணிக்கடைகளைச் சுற்றிவிட்டு, நம்மவர்களைப் பார்க்கலாம் என்று போனபோது, அந்த அம்மாள் காலிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க இந்த நாற்காலிக்காரங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்ணே. நான் இப்படி ஒரு வியாபாரத்தை என் ஆயுசுல பாத்ததில்ல" என்றார்.

நன்றி சொன்னவர் அடுத்து இன்னொன்றும் சொன்னார். "ஒரு பெரிய மனுஷர் மூணு நாளா வந்து உங்களைத் தேடினாருண்ணே." முதல் நாள் கால் வலித்து உட்கார வந்தவர், மற்ற நாற்காலிகளில் இடமில்லாமல், ஓரத்தில் கிடந்த பள்ளிக்கூட பெஞ்சில், அதுதான் அண்ணியின் நாற்காலியில், உட்கார்ந்திருக்கிறார். எழுந்தார். உடனே மறுபடியும் உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். அதைப் பார்த்து விளக்குக்கார அம்மாள், "ஐயா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா" என்று கேட்டிருக்கிறார். "இல்லம்மா, கிடைச்சிருக்கு" என்றாராம். அவர் முதியோர் இல்லங்கள் நடத்துகிறவர். இரண்டாம் நாள் தம் தாயாரைக் கூட்டி வந்தார். அந்த மூதாட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி, தாமே எழுந்து நின்று, மகன் நீட்டிய கையைத் தட்டிவிட்டாராம். மூன்றாம் நாளும் வந்து நின்றார். விலை சொல்ல ஆளில்லை. பெயர் சொல்ல ஆளில்லை. "இதைச் செஞ்சவங்க யாரு" என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நம் சங்கத்திலிருந்து ஒரு வாய் அங்கே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. ஊர் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. பார்க்க வேண்டியதுதான். நாமெல்லாம் மரத்தூளைத் தின்று மரத்தூளையே துப்புகிறவர்கள். நமக்கும் ஆற்றுக்காற்று வேண்டாமா? ஆனால் வீட்டில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும், நால்வரில் ஒருவருக்குக்கூட அந்த ஓர நாற்காலியின் ஞாபகம் வரவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நல்ல வேளை, அந்தப் பெரியவர் தம் விசிட்டிங் கார்டை விளக்குக்கார அம்மாளிடம் கொடுத்துப் போயிருந்தார். அதிலிருந்த எண்ணுக்கு அங்கேயே நின்று கைபேசியில் பேசினேன். அவர் சொன்னது இது: "நாற்காலி பிடிச்சிருக்கு. ஆனா எங்க பெரியவங்க ஒருத்தர் குட்டை, ஒருத்தர் நெட்டை. ஒருத்தருக்கு இடது கை வராது. செஞ்சவங்களே ரெண்டு நாற்காலியோட வரட்டும். எங்காளுங்க உக்காந்து எந்திரிக்கிறதைக் கண்ணால பாத்து, அளவை மாத்தித் தரட்டும். அதுக்கப்புறம் எல்லா இல்லத்துக்கும் வாங்கிக்கிறேன்." செஞ்சவங்களே வரட்டும். கவனித்தீர்களா? செஞ்சவங்களே.

வந்து நிர்வாகக் குழுவிடம் சொன்னேன். குழு மகிழ்ந்தது. மகிழ்ந்து தீர்மானம் போட்டது. என்ன தீர்மானம்? அந்தப் பெரியவரைச் சந்திக்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர் ஆகிய நால்வரும் பெருநகரம் செல்வது. "அந்த அம்மா எதுக்கு? நாங்க பேசி முடிச்சிட்டு வந்து சொல்றோம்" என்றார்கள். அங்கே ஏரி ஒன்றும், கண்ணாடி மாளிகை ஒன்றும் பார்க்காமல் விட்டுப் போயிற்றாம். அதைத் தற்செயலாகத்தான் பேசிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். இதைத்தான் நான் முன்மொழிய வேண்டுமாம். இதற்குத்தான் ரெண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டுமாம்.

என்னருமைச் சபையோரே, ஒன்று கேட்கிறேன். குட்டையானவருக்குக் கைப்பிடி எங்கே வர வேண்டும் என்று தலைவருக்குத் தெரியுமா? இடது கை வராதவர் எப்படி எழுவார் என்று செயலாளர் பார்த்திருக்கிறாரா? ஒரு மனிதன் எழுந்திருக்க முடியாமல் தவிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் யார்? பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் மரத்தை எடுத்தவர் யார்? ஓரத்தில் போட்டாலும் போதும் என்று அனுப்பியவர் யார்? அவரை விட்டுவிட்டு நீலக் கோட்டு நான்கு போனால், அந்தப் பெரியவர் என்ன, நாற்காலியே எழுந்து ஓடிவிடும்.

(பேசட்டும் என்கிறீர்களா? நன்றி. நேரமாயிற்று என்று செயலாளர் சீட்டு அனுப்புகிறார். அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன்.)

ஆகவே தீர்மானத்தை ஒரே ஒரு திருத்தத்தோடு முன்மொழிகிறேன். சங்கத்தின் சார்பில் பெருநகரம் செல்பவர், அந்த நாற்காலியைச் செய்தவர். விதி தடுக்கிறது என்றால் விதியை இப்போதே, இங்கேயே, இந்தப் பொதுக்குழுவே மாற்றட்டும். ஒரு பட்டறையின் வாசல் திறந்திருக்குமா, மூடுமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒப்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள். முன்வரிசை உயர்த்திவிட்டது. தாய்மார்கள் எனக்கு முன்பே உயர்த்திவிட்டார்கள். கதவோரத் தோழர்களே, அது விடைபெறும் கையா, வாக்களிக்கும் கையா? வாக்குத்தானே? மகிழ்ச்சி. மேடையில் பொருளாளர் உயர்த்துகிறார். ஆலோசகர் யாரைப் பார்த்து உயர்த்தலாம் என்று பார்க்கிறார். தலைவர் அவர்களே... தலைவரும் உயர்த்திவிட்டார். உண்மையாகவே சொல்கிறேன் தலைவரே, இன்றைக்கு உங்களைப் பாராட்ட எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

பொறுங்கள், அண்ணி எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்ல வேண்டுமாம். அந்த ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் போறேன். போயி என் வேலையைச் சரியா முடிச்சிக் குடுப்பேன். ஆனா ஒண்ணை இப்பவே சொல்லிடுறேன், பின்னால யாரும் ஒரு பேச்சு பேசக்கூடாது. வேலை முடிஞ்சதும் ரெண்டு நாள் அங்கயே தங்கி ஊரைச் சுத்திப் பாத்துட்டுத்தான் வருவேன். உன் அண்ணனையும் கூட்டிட்டுப் போறேன் தம்பி. கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுஷன் என்னை ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப நான் கூட்டிட்டுப் போறேன்."

கேட்டீர்களல்லவா? இதற்கு மேல் ஒரு சொல் பேசினாலும் அது அதிகப்பிரசங்கம். பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், முதலில் கையுயர்த்திய தாய்மார்க்கும், மனம் கோணாமல் மேடையில் அமர்ந்திருந்த நால்வர்க்கும் என் நன்றியைக் காணிக்கையாக்கி, அண்ணனுக்கு இந்தச் செய்தியை முதலில் சொல்ல வேண்டும் என்பதால் உங்கள் அனுமதியோடு இப்போதே புறப்படுகிறேன். வணக்கம்.